ஏழு அரை வட்டங்கள்

எழுபத்திரண்டாவது நிமிடத்தில் அப்ரோர் எதிராளியின் காலடியிலிருந்து பந்தைப் பறித்தான். சுரய்யோ தன் கட்டம் போட்ட நோட்டில் ஆறாம் எண்ணுக்கு நேரே ஒரு சிறு வட்டம் போட்டு அதைக் கருப்பாக நிரப்பினாள். பிறகு தொடர் முழுவதும் அவன் பறித்த பந்துகளைக் கூட்டிப் பார்த்தாள். முப்பத்து நான்கு. மேல் வரிசையில் தஜிக் அணியின் எட்டாம் எண், சியோவுஷ். அவனுக்கும் முப்பத்து நான்குதான்.

உஸ்பெகிஸ்தானின் நமங்கான் மைதானத்தில் அன்று நடந்துகொண்டிருந்தது இறுதிப் போட்டி. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஐந்து நாட்டுக் கால்பந்துக் கோப்பை. உஸ்பெக் பையன்களும் தஜிக் பையன்களும் இன்னும் ஒரு கோல்கூடப் போடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் மேற்குப் பார்வையாளர் மேடையை விட்டு இறங்கியிருந்தாலும் சூடு தணியவில்லை. சூரியகாந்தி விதைத் தோல் காலடியில் மொறமொறத்தது. செய்தியாளர் மேசையில் பச்சைத் தேநீர்க் கூஜா தொடுவாரில்லாமல் ஆறிப்போயிருந்தது.

மேசையில் மூன்று பேர். நடுவில் ஹம்தாம். அறுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் இந்த ஊர் அணியின் முன்கள ஆட்டக்காரர், இன்று தேர்வுக் குழுவின் தலைவர். வலது பக்கம் நோசிம், உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டு நிருபர். இடது பக்கம் சுரய்யோ. இந்த மூவரும் சேர்ந்து தொடரின் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுத்து, இறுதிப் போட்டியின் எண்பதாவது நிமிடத்துக்குள் பட்டியலைக் கமிட்டி ஆளிடம் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பதினொரு பேரையும் மைதான நடுவுக்கு அழைத்து, ஆளுக்கொரு சபான் அங்கியைத் தோளில் போர்த்துவார்கள். போர்த்திய அங்கியைத் திரும்ப எடுக்கும் வழக்கம் கிடையாது. இந்த முறை அங்கியோடு இன்னொன்றும் இருந்தது. அந்தப் பதினொரு பேரை கசாக் நகரமான அல்மாட்டியில் ஒரு பெரிய கிளப் மூன்று வாரப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தது.

பத்துப் பெயர்கள் காலையிலேயே முடிவாகிவிட்டன. இரண்டு இடங்களில் இழுபறி வந்தபோதும் சண்டை வரவில்லை. சமமாக இருந்தால் விருந்தாளிக்கு. நமங்கானில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறுத்துப் பேசியதும் இல்லை. அப்படித்தான் கிர்கிஸ் கோல்கீப்பர் உள்ளே வந்தான், ஊர்ப் பையன் வெளியே போனான். மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். தற்காப்புக்கு முன்னால் நின்று, எதிரணியின் பந்தைப் பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பவனின் இடம். அதற்கு இரண்டே பேர். சியோவுஷ், அப்ரோர்.

அப்ரோர் சுரய்யோவின் அண்ணன் மகன்.

தொடர் தொடங்கும் முன்பே அவள் ஹம்தாமிடம் போய், குழுவில் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவர் கேட்கவில்லை. பேச்சு வேண்டுமானால் நாங்கள் பேசுகிறோம், கணக்கை யார் வைப்பது என்று கேட்டார்.  இடையில் சில வருடம் போக, இருபத்து நான்கு வருடமாக இந்த மைதானத்தில் கணக்கு வைத்தவள் அவள்தான்.

அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். கணிதம் படித்தாள். படிப்புச் செலவுக்காக மைதானத்தில் டிக்கெட் கிழித்தாள். ஒரு நாள் குறிப்பெடுப்பவர் வராததால், எண் எழுதத் தெரிந்த பெண் என்று யாரோ அவளை மேலே கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டான் என்று எழுதினால் போதும் என்றார்கள். அவள் அதோடு நிறுத்தவில்லை. பந்து யாரிடமிருந்து யாருக்குப் போனது, எங்கே தொலைந்தது, யார் மீட்டான் என்று தனக்கென்று குறிகள் வைத்து எழுதினாள். அம்பு, குறுக்குக் கோடு, வட்டம். இரண்டு மாதத்தில் பயிற்சியாளர்கள் ஆட்டம் முடிந்ததும் நேராக அவள் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள்.

நடுவில் கல்யாணமாகி ஆறு வருடம் கோகந்த் ஊரில் குடித்தனம். அங்கே மைதானத்துக்குப் போகும் பெண்ணை யாருக்கும் பிடிக்கவில்லை. அவள் பழைய நோட்டுகளின் தாள்களை மாமியார் விதை மடிக்க எடுத்துக்கொண்டாள். மகளையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு நமங்கானுக்குத் திரும்பியபோது அண்ணன் மஹ்காம் ஒரு வார்த்தை கேட்காமல் முற்றத்தின் கடைசி அறையை ஒழித்துக் கொடுத்தான். அதை அவள் மறக்கவில்லை. மறக்க அண்ணியும் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முற்றத்தில் திரும்பி வந்தவள். ஆனால் மைதானத்தில் அவள் எழுதியதை யாரும் இரண்டாவது தடவை எண்ணிப் பார்த்ததில்லை. சுரய்யோ நோட்டில் இருக்கிறதா, இருக்கிறது என்றால் பேச்சு முடிந்தது. அவளுக்கென்று ஊரில் இருந்த சொத்து அந்த ஒன்றுதான். அண்ணன் மகன் பெயரை எழுதி அதைத் தொலைக்க அவள் தயாராக இல்லை.

இப்போது ஹம்தாம் நோட்டை எட்டிப் பார்த்தார். இரண்டு எண்களையும் விரலால் தொட்டார்.

“சமம். அப்போ விருந்தாளிக்கு. எழுது தங்கச்சி.”

நோசிமும் தலையாட்டினான். சுரய்யோ பேனாவை எடுத்தாள். நெஞ்சுக்குள் இருந்த கல் யாரோ எடுத்துப் போட்டதுபோல் இறங்கியது. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அத்தை தன் பையனுக்கு எதிராகவே எழுதினாள் என்பார்கள். பத்து வருடம் சொல்வார்கள்.

அந்த நிம்மதிதான் அவள் கையை நிறுத்தியது. விடை வந்ததும் இவ்வளவு சந்தோஷம் வந்தால் வழியில் எங்கோ தப்பு இருக்கிறது என்று பரீட்சைத் தாள் திருத்தும்போது அவளுக்குத் தோன்றும். மாணவன் தனக்குப் பிடித்த விடையை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதாகக் கணக்கைப் போட்டிருப்பான்.

பேனாவை வைத்துவிட்டு நோட்டைப் பின்னால் புரட்டினாள்.

சில பந்துகள் அப்படித்தான். காலில் பட்டதா, பறித்தானா, தானாக உருண்டு வந்ததா என்று அந்த நொடியில் சொல்ல முடியாது. அதற்கு அவள் அரை வட்டம் போடுவாள். ஆட்டம் முடிந்தபின் உட்கார்ந்து, நினைவிலிருந்து ஒவ்வொன்றையும் முழு வட்டமாக்குவாள், அல்லது அடித்துவிடுவாள். சியோவுஷுக்கு நாலு ஆட்டத்தில் ஆறு அரை வட்டம். மூன்று நிரம்பியிருந்தன, மூன்று அடிபட்டிருந்தன. ஒரு கசாக் பையனுக்கு ஐந்து. இரண்டு நிரம்பியது, மூன்று அடிபட்டது. எல்லாருக்கும் ஏறக்குறைய பாதி.

அப்ரோருக்கு ஏழு. ஏழும் அடிபட்டிருந்தன.

பென்சில் கோடுகள் மற்றவர்களுக்கு இழுத்ததைவிட அழுத்தமாக இருந்தன. இரண்டு இடங்களில் தாளே கிழிந்திருந்தது. ஏழு முறை சுண்டிய நாணயம் ஏழு முறையும் ஒரே பக்கம் விழுந்தால் அவள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் நாணயத்தைத்தான் சந்தேகிக்கும்.

அவள் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் அடித்தாள். யோசித்தது பந்தைப் பற்றியா, மேசைக்கு வந்து நோட்டைப் புரட்டப்போகிறவர்களைப் பற்றியா என்பதுதான் இப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மைதானத்தில் ஒரு தஜிக் பையன் பந்தை வெளியே அடித்தான். அவள் குறுக்குக் கோடு போட்டாள். எழுபத்து நான்கு.

“நோசிம், நம்ம பசங்க ஆட்டத்தை எல்லாம் போன்ல எடுத்தியே, இருக்கா?”

“இருக்குக்கா. ஏன்?”

அடித்த ஏழில் மூன்று நடந்த நிமிடங்களைச் சொல்லி எடுக்கச் சொன்னாள். ஒரு கண் மைதானத்தில், ஒரு கண் போனில். முதலாவதில் அப்ரோர் பந்தைத் தொடவே இல்லை. அடித்தது சரி. இரண்டாவதில் முன்னால் ஒருவன் நின்று மறைத்தான், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கசாக் ஆட்டம், அறுபத்தோராவது நிமிடம். அப்ரோர் சறுக்கி விழுந்து, கால் நுனியால் பந்தைத் தட்டி எடுத்து, எழுந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, நிதானமாகத் தன் ஆளுக்கு அனுப்பினான். இதில் சந்தேகப்பட என்ன இருந்தது என்று நோசிம் கேட்டான். அவள் இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். இரண்டாவது முறையும் அதேதான்.

முப்பத்தைந்து. முப்பத்து நான்கு.

எழுபத்தெட்டாவது நிமிடத்தில் கமிட்டி ஆள் படியேறி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கி டாக்கி, கீழே அங்கிகள் மடித்து ரெடியாக இருக்கிறதாம், அறிவிப்பாளர் பெயருக்காகக் காத்திருக்கிறாராம். சுரய்யோ அவனைப் பார்க்காமல் ஹம்தாமிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறியது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

“வீடியோ நம்ம பசங்களுக்கு மட்டும்தானே இருக்கு. அவங்க பையனோட அரை வட்டத்தை எங்க போய்ப் பார்ப்ப? வீட்டுக்கு வந்தவனுக்கு இருட்டு, நமக்கு மட்டும் விளக்கா?”

சரியான கேள்வி. அவளே அதைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வீடியோவை விடுங்கண்ணே. அந்தப் பையனுக்கு ஆறுல மூணு குடுத்திருக்கேன். இவனுக்கு ஏழுல ஒண்ணு கூட இல்ல. வீடியோ இல்லாமலே தப்பு தெரியுது. தப்பு பண்ணது நான்.”

“ஊர் என்ன சொல்லும்னு யோசிச்சியா?”

“அதைத்தான் நாலு ஆட்டமா யோசிச்சிருக்கேன். அதனால வந்த வினைதான் இது.”

ஹம்தாம் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். இப்படியே சமம் என்று விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பையனுக்கு வயதிருக்கிறது, அடுத்த வருடம் வருவான் என்று மெதுவாகச் சொன்னார். அது அப்ரோர் மேல் விழும் எட்டாவது கோடு என்று அவளுக்குத் தோன்றியது.  நோசிம் எந்தப் பக்கமும் சேராமல் போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். கமிட்டி ஆள் கடிகாரத்தைப் பார்த்தான்.

“கணக்கு உன்னோடது. பேரும் உன்னோடது. நீ சொல்றதைத்தான் நான் எழுத முடியும்,” என்றார் ஹம்தாம்.

“முப்பத்தஞ்சு, முப்பத்து நாலு.”

அவர் அப்ரோர் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். நோசிமும் போட்டான். அவள் போட்டபோது எழுத்து கோணலாக விழுந்தது. எண்பதாவது நிமிடம் பிறக்க இருபது நொடி இருக்கையில் பட்டியல் படியிறங்கிப் போனது.

அதற்குப் பிறகு வந்த ஆறு நிமிடங்களை அவள் ஒரு குறி விடாமல் எழுதினாள். எண்பத்தாறில் உஸ்பெக் பையன்கள் வேகமாக முன்னேறினார்கள். நடுவில் ஒருவன் காலை நீட்டினான். பந்து நின்றது. எட்டாம் எண். அவன் இரண்டு அடி ஓடி, இடது ஓரத்துக்கு நீளமாக அடித்தான். அங்கிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து வலைக்குள். மேற்கு மேடை ஒரே நேரத்தில் மூச்சை விட்டது. வடக்கு மூலையில் தஜிக் ஊரான குஜந்திலிருந்து பஸ்ஸில் வந்த நூறு பேர் மட்டும் குதித்தார்கள்.

சுரய்யோ வட்டம் போட்டு நிரப்பினாள். சியோவுஷ் முப்பத்தைந்து.

சமம்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஹம்தாம் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். பட்டியல் எண்பதில் மூடியாயிற்று, அதுதான் விதி, ஐந்து நாட்டுக்காரர்களும் ஒப்புக்கொண்ட விதி என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கும் அது தெரியும். இன்னும் நாலு நிமிடம், கூடுதலாக மூன்று. அதற்குள் அப்ரோர் ஒரு பந்தைப் பறித்துவிடமாட்டானா என்று அவள் மனம் வெட்கமில்லாமல் கேட்டது. அவன் ஒன்றையும் பறிக்கவில்லை. கடைசி ஊதல் ஊதியபோது அவன் புல்லில் குப்புறக் கிடந்தான்.

கோப்பையை வென்ற அணியின் நடுக்கள ஆட்டக்காரன் பதினொருவரில் இல்லை. தோற்ற அணியின் பையன் இருந்தான். அறிவிப்பாளர் அப்ரோரின் பெயரை வாசித்தபோது மேற்கு மேடையில் கைதட்டல் எழுந்தது, அதன் அடியிலேயே ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. யாரோ ஒருவன் இரண்டு வரிசைக்குக் கீழேயிருந்து, அத்தை மேலே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் அங்கி கிடைக்காது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். சிரிப்பு பரவியது. சுரய்யோ நிமிரவில்லை. கீழே பச்சையும் ஊதாவுமாகக் கோடு போட்ட அங்கி அப்ரோரின் தோளில் ஏறியது. அவன் இரு கைகளாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

முதலில் வந்தவன் மஹ்காம். இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். கண் கலங்கியிருந்தது. மேசைக்கு எதிரே நின்று, சுற்றிலும் ஆட்கள் இருப்பதைக் கவனிக்காமல் பேசினான்.

“நீ கைவிடமாட்டேன்னு எனக்குத் தெரியும். வீட்ல அவகிட்ட அப்பவே சொன்னேன். உனக்கு ஒரு ரூமைக் குடுத்தது வீண் போகல.”

“நான் உனக்காகப் பண்ணலண்ணே.”

“சரி, சரி. இங்க அப்படித்தான் சொல்லணும்.” அவன் கண்ணைச் சிமிட்டினான்.

 பாய்ந்து வந்து திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பாள். அண்ணனின் அந்தக் கண் சிமிட்டலுக்கு எந்தக் கணக்கிலிருந்து பதில் எடுப்பது?

மஹ்காம் இன்னும் அங்கேயே நிற்கும்போது தஜிக் அணியின் பயிற்சியாளர் வந்தார். சைத்குல் என்று பெயர், ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். கோப்பை வாங்கிய களிப்பு முகத்தில் இல்லை. வலது கையை நெஞ்சில் வைத்து எல்லாருக்கும் சலாம் சொன்னார். ஹம்தாம் எழுந்து இடம் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. நோட்டைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

சுரய்யோ நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். குறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அரை வட்டங்களைப் பற்றியும், ஏழு கோடுகளைப் பற்றியும், போனில் பார்த்ததையும், அவருடைய பையனுக்கு அப்படி வீடியோ இல்லை என்பதையும் சொன்னாள். இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அவள் முன்னாலேயே நோட்டை மறுபடி எண்ணினார். விரலை வட்டத்துக்கு வட்டம் நகர்த்தி, உதடு அசைய எண்ணினார். இரண்டு வரிசையும் எண்ணி முடிக்க வெகு நேரமானது.

“முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு,” என்றார்.

“ஆமா.”

“இந்த ஊர்ல சமமா இருந்தா விருந்தாளிக்குன்னு சொன்னாங்க.”

“எண்பதாவது நிமிஷத்துல சமமா இல்ல. பட்டியல் அப்பவே போயிடுச்சு.”

“விதி எனக்கும் தெரியும் டீச்சர். அங்கியைக் கேட்டு வரல. போர்த்தினதை உருவ முடியுமா?” அவர் நோட்டை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார். “அல்மாட்டிக்காரங்க பட்டியலை மட்டும்தான் பார்ப்பாங்க. இந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பறேன். கீழ மொத்தக் கணக்கை எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, பன்னெண்டாவதா இவனையும் கூப்பிடுங்கன்னு கேட்டுப் பார்ப்பேன்.”

மஹ்காமின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. அப்படி ஒரு தாள் போனால் அவன் மகனை யார் என்ன சொல்வார்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். நேற்று வரை இரண்டு பேரில் ஒருவன், இனி அத்தை போட்ட பிச்சை. வீட்டு முற்றத்துக்குப் போனதும் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றான். அந்தக் குரலை அவள் அறிவாள். கடைசி அறைக்கு வாடகை அந்தக் குரல்தான்.

ஹம்தாம் தொண்டையைச் செருமினார். பட்டியலில் கையெழுத்துப் போட்டவளே அதற்கு எதிராக இன்னொரு கையெழுத்தும் போட்டால் கமிட்டி சும்மா இருக்காது என்றார். கோபமில்லாமல், வருத்தத்தோடுதான் சொன்னார்.

“அடுத்த சீசன்ல இந்த மேசைல உனக்கு நாற்காலி போட என்னால முடியாமப் போயிடும் தங்கச்சி.”

“எதிரா எழுதலண்ணே. எண்பதுல முப்பத்தஞ்சு, முப்பத்து நாலு. தொண்ணூறுல முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு. ரெண்டையும் எழுதறேன். ரெண்டும் நடந்ததுதானே.”

 மைதானத்தில் அங்கி போர்த்திய பதினொரு பேரும் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அப்ரோர் ஓரத்தில் நின்றான். மேற்கு மேடையின் நிழல் அவனைத் தாண்டி வடக்கு மூலை வரை நீண்டிருந்தது. அங்கே சியோவுஷ் கோப்பையைக் கையில் வாங்காமல் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரில் யாருக்கு அவள் இன்று அநியாயம் செய்தாள், யாருக்குச் செய்யவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல அவளால் முடியவில்லை. அந்த மேசையில் நிச்சயமாக இருந்தது வட்டங்கள் மட்டும்தான், அவற்றிலும் எல்லாம் இல்லை.

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். எண்பதாவது நிமிடக் கணக்கை எழுதினாள். தொண்ணூறாவது நிமிடக் கணக்கை அதன் கீழே எழுதினாள். அடிபட்ட ஏழு அரை வட்டங்களில் ஒன்றை மட்டும் திருத்தியதையும், மற்ற ஆறில் ஐந்தைப் பற்றித் தனக்கு இப்போது உறுதியில்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்தாள். மஹ்காம் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை எழுத்து நேராக விழுந்தது.

சைத்குல் குனிந்து படித்தார்.

“தேதியும் போட்டுடுங்க,” என்றார்.

அவள் போட்டாள்.